புதைத்த குப்பை சும்மா கிடப்பதில்லை

கேள்வி இது: "குப்பையை எரிக்கவில்லை, ஆற்றில் தள்ளவில்லை. ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் கொட்டி மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மக்குவது மக்கிவிடும். மக்காத பிளாஸ்டிக்தான் கெடுதல், அதையும் புதைத்தாயிற்று. அப்புறம் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு?"

மக்குவது நல்லது, மக்காதது கெட்டது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தோட்டத்து மண்ணைப் பொறுத்தவரை அது சரி. குப்பைக் கிடங்குக்குள் கணக்கு தலைகீழ். அங்கே புதைந்த பிளாஸ்டிக் பை பல பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய அப்படியே கிடக்கும். ஆட்டம் காட்டுவது மிச்ச உணவும் காய்கறித் தோலும் இலைதழையும்தான். நிலத்தடி நீர் கெடுவது, வாயு கிளம்புவது, தீப்பிடிப்பது, மேடு சரிந்து ஆட்களை விழுங்குவது என எதை எடுத்தாலும், தோண்டிப் பார்த்தால் ஈரக் குப்பையில் போய் நிற்கும். பிளாஸ்டிக் கெடுதல் இல்லை என்று சொல்லவில்லை. அதன் கெடுதல் பெரும்பாலும் கிடங்குக்கு வெளியே, ஆற்றிலும் கடலிலும் காற்றிலும். புதைத்த இடத்தில் நடப்பது வேறு கதை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குப்பையைக் கொட்டி, இயந்திரத்தால் அழுத்தி, மண் மூடியதும் உள்ளே சிக்கிய காற்றில் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தின்று தீர்த்துவிடும். அதன்பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கூட்டத்தின் ஆட்சி. முதல் கட்டத்தில் அவை உணவுக் கழிவைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகின்றன. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்) 5, 6 என்ற அளவுக்கு இறங்குகிறது. அந்தப் புளிப்பில் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், நிக்கல் எல்லாம் எளிதாகக் கரையும். அடுத்த கட்டத்தில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் தலையெடுத்து அந்த அமிலங்களைத் தின்று வாயுவாக்குகின்றன. பிஎச் 7-க்கு மேல் ஏறுகிறது. இந்த இரண்டாம் கட்டம் பல பத்தாண்டுகள் நீடிக்கும். ஒரே கிடங்கில் ஒரு மூலை பழையதாகவும் இன்னொரு மூலை நேற்றுக் கொட்டியதாகவும் இருப்பதால் எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

ஈரம் இல்லாவிட்டால் இவை எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1973-ல் குப்பை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிய தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கிடங்குகளைத் துளையிட்டும் தோண்டியும் பார்த்தார். பல பத்தாண்டு பழைய செய்தித்தாள்கள் வாசிக்கும் நிலையில் வந்தன. உணவுப்பொருள்கூட அடையாளம் தெரியும்படி கிடைத்தது. அதற்குக் காரணம் இறுக்கமும் வறட்சியும். ஆனால் உலர்ந்து கிடக்கிற குப்பை அமைதியடைந்துவிட்ட குப்பை அல்ல. மேல்மூடி விரிசல் விட்டு மழைநீர் இறங்கும் வருடத்தில், நின்றுபோன வேலை மறுபடி தொடங்கும். அப்போது அந்தக் கிடங்கை நடத்திய நிறுவனம் இருக்குமா, பொறுப்பேற்க ஆள் இருக்குமா என்பது வேறு கேள்வி.

இனி தண்ணீர். என்னைக் கேட்டால் குப்பைக் கிடங்கின் பாதிப்புகளில் மிகப் பெரியதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். புகையும் நாற்றமும் உடனே தெரியும். நிலத்தடியில் போவது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. 1 ஹெக்டேர் பரப்பில் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்தம் 1 கோடி லிட்டர். அதில் கால் பங்கு குப்பைக்குள் இறங்கினால்கூட 25 லட்சம் லிட்டர். பெரிய கிடங்குகள் பல பத்து ஹெக்டேர் பரப்புள்ளவை. இதற்கு மேல், உணவுக் கழிவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் மழையே பெய்யாவிட்டாலும் மேலிருந்து அழுத்தும் பாரத்தில் அது பிழிந்து வெளியே வரும். இப்படிக் குப்பையின் ஊடாக இறங்கி, கரைவதையெல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் சேர்வதுதான் கசிவுநீர். துறையில் லீச்சேட் என்பார்கள்.

புதுக் குப்பையிலிருந்து வரும் கசிவுநீர் கறுப்பும் பழுப்புமாக, மேலே நுரை கட்டி, மூக்கைத் துளைக்கும் புளித்த நாற்றத்தோடு இருக்கும். அங்கே போட்டுக்கொண்டு போன சட்டையைத் துவைத்த பிறகும் அந்த வாடை இருப்பது போலவே தோன்றும். நீரில் உள்ள கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதன் அளவு, அதாவது சிஓடி எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவை, வீட்டுச் சாக்கடை நீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்தான். இளம் கசிவுநீரில் அது பல்லாயிரங்களில் இருக்கும். வருடங்கள் போகப் போக, மீத்தேன் கட்டம் நிலைபெற்றதும், இந்த எண் பெரிதும் இறங்கிவிடும். அதைப் பார்த்து "கிடங்கு சுத்தமாகிவிட்டது" என்று அறிக்கை எழுதுபவர்கள் உண்டு. அந்த அறிக்கைகளில் அம்மோனியா என்ன அளவு என்று தேடிப் பாருங்கள். புரதம் சிதைந்து வரும் அம்மோனியாவை அழிக்க ஆக்சிஜன் இல்லாத குப்பைக்குள் வழியே இல்லை. அது கரைந்து கழுவப்பட்டு வெளியேறினால்தான் குறையும். லிட்டருக்கு 500 முதல் 2,000 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். சாக்கடை நீரில் இருப்பதைப் போல் பல பத்து மடங்கு. ஓடையிலோ குளத்திலோ கலந்தால் மீன்கள் முதலில் செத்து மிதப்பதற்கு இதுவே முக்கியக் காரணமாகிறது. மூடி 30, 40 வருடம் ஆன கிடங்குகளிலும் அம்மோனியா பிரச்சினையாகவே இருக்கிறது.

நிலத்தடிக்குப் போன பிறகு நடப்பதில் ஒரு வினோதம் இருக்கிறது. கசிவுநீரோடு வரும் கரிமப்பொருளை உண்ணும் நுண்ணுயிரிகள் மண்ணடுக்கில் இருக்கும் ஆக்சிஜனைக் காலி செய்கின்றன. அது தீர்ந்ததும் மண் துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடைச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. இரும்பு கரைகிறது. அந்த ஆக்சைடு பல்லாயிரம் ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருந்த ஆர்செனிக்கும் சேர்ந்து விடுபடுகிறது. அதாவது, குப்பையில் துளி ஆர்செனிக் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கிணற்றில் ஆர்செனிக் ஏறலாம். அது அந்த மண்ணிலேயே இருந்த சரக்கு, திறந்துவிட்டது குப்பை.

கிடங்கின் ஓரத்தில் இருக்கும் கண்காணிப்புக் குழாய்க்கிணற்றில் மாதிரி எடுக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். பம்பிலிருந்து விழும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். பாட்டிலில் பிடித்து வைத்த சிறிது நேரத்தில் மஞ்சளிக்கும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில் அடியில் துருப்பொடி போல் ஒரு படிவு உட்காரும். கரைந்திருந்த இரும்பு காற்றைக் கண்டதும் வெளியே வருகிறது. பக்கத்து வீடுகளில் வெள்ளைத் துணி மஞ்சளாவதும் வாளியின் உட்புறம் கறை பிடிப்பதும் இதனால்தான். எல்லாச் செந்நீருக்கும் குப்பையே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது, இயற்கையாகவே இரும்பு மிகுந்த நிலத்தடி நீர் நிறைய இடங்களில் உண்டு. நிலத்தடி நீர் ஓடும் திசையில் கிடங்குக்கு மேல்புறம் ஒரு கிணறும் கீழ்ப்புறம் பல கிணறுகளும் வைத்து ஒப்பிட்டால்தான் வழக்கு நிற்கும். குளோரைடு, அம்மோனியா, மின்கடத்துத்திறன் மூன்றும் கீழ்ப்புறத்தில் மட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் ஆதாரம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது.

"அதற்குத்தான் அடியில் விரிப்பு போடுகிறார்களே" என்று கேட்பீர்கள். போடுகிறார்கள், முறையாகக் கட்டும் இடங்களில். 1991-ல் வந்த அமெரிக்க விதிகள் பல நாடுகளுக்கு முன்மாதிரி. குறைந்தது 60 சென்டிமீட்டர் இறுக்கப்பட்ட களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனில் எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேல் கசிவுநீரை வாங்கி வெளியேற்றும் சரளைப் படுகையும் குழாய்களும். விரிப்பின் மேல் 30 சென்டிமீட்டருக்கு மேல் கசிவுநீர் தேங்கக் கூடாது. களிமண்ணின் நீர் கடத்தும் திறனுக்கும் வரம்பு உண்டு. அதை வருடக் கணக்குக்கு மாற்றினால், நீர் அதற்குள் தோராயமாக 3 சென்டிமீட்டர்தான் இறங்கலாம். திறந்தவெளியில் சும்மா கொட்டுவதோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், சந்தேகமே இல்லை.

ஆனால் இது ஒத்திப்போடும் ஏற்பாடு. கறுப்பு விரிப்பு வெயிலில் விரிந்து மடிப்பு மடிப்பாகத் தூக்கிக்கொள்ளும். அந்த மடிப்பில் ஒரு கல் குத்தி ஓட்டை விழுந்தால், தட்டையாகக் களிமண்ணோடு ஒட்டிய இடத்தில் விழும் ஓட்டையைவிடப் பல மடங்கு கசியும். பற்றவைத்த இணைப்புகளில் குறை இருக்கும். சரளைக்குள் கால்சியம் படிந்தும் நுண்ணுயிர்ச் சவ்வு வளர்ந்தும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் 30 சென்டிமீட்டர் வரம்பு காகிதத்தில் மட்டும் இருக்கும். எந்த விரிப்பும் கடைசியில் சிதையவே செய்யும் என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 1980களின் இறுதியில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது. மூடிய பிறகு பராமரிக்க வேண்டிய காலம் அங்கே 30 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்திலும் குறைந்தது 30 ஆண்டு. அம்மோனியாவுக்கு இந்தச் சட்டம் தெரியாது.

இதில் ஃப்ரெஸ்னோ கதையைச் சொல்லாமல் விட முடியாது. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் 1937-ல் தொடங்கிய கிடங்குதான் நவீன சுகாதார முறைக் கிடங்குகளின் முன்னோடி. பள்ளம் வெட்டி, குப்பையை அழுத்தி, அன்றன்றைக்கு மண் மூடும் முறையை அங்கேதான் ஒழுங்குபடுத்தினார்கள். எலியும் ஈயும் குறைந்தன. உலகமே அதைப் பின்பற்றியது. 2001-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அதே இடம் 1989 முதலே நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலிலும் இருந்தது. மீத்தேனும் வினைல் குளோரைடு என்ற நச்சுப்பொருளும் வெளியேறி நிலத்தடி நீரையும் சுற்றுப்புறத்தையும் பாதித்திருந்தன. ஈயை ஒழிக்க வந்த முறைக்கு நிலத்தடி நீர் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அந்தக் காலத்துக்கு அது குற்றம் ஆகாது.

பிடித்த கசிவுநீரை எங்கே கொண்டுபோவது என்பதும் தீராத தலைவலி. டேங்கரில் ஏற்றிச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் விட்டால், ஒட்டாத பூச்சுகளிலும் தண்ணீர் ஒட்டாத துணிகளிலும் இருந்து வரும் பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் அங்கே அழியாமல் கடந்து ஆற்றுக்குப் போகின்றன. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) கருவியில் வடிகட்டினால் சுத்தமான நீர் ஒருபுறம், அடர்ந்த கழிவு மறுபுறம். அந்த அடர்கழிவைப் பல இடங்களில் மறுபடி கிடங்கின் உச்சியிலேயே ஊற்றுகிறார்கள். உப்பும் அம்மோனியாவும் வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து வாயு. மீத்தேன் கட்டம் நிலைபெற்ற கிடங்கில் வரும் வாயுவில் சுமார் பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. நாற்றத்துக்குக் காரணமான சேர்மங்கள் 1 சதவீதத்துக்கும் கீழேதான். 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கைத் தாண்டும். மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கழிவுத் துறையிலிருந்து, அதாவது குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து வருகிறது. 2022-ல் வெளியான ஒரு செயற்கைக்கோள் ஆய்வு புவனோஸ் அயர்ஸ், டெல்லி, லாகூர், மும்பை நகரங்களைப் பார்த்தது. அந்நகரங்களின் மீத்தேன் வெளியீடு வழக்கமான கணக்கேடுகளில் இருப்பதைவிட 1.4 முதல் 2.6 மடங்கு அதிகம் என்றும், அதில் குப்பைக் கிடங்குகளின் பங்கு கணிசம் என்றும் கண்டது.

"குழாய் போட்டு வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கலாமே?" எடுக்கலாம், எடுக்கிறார்கள். சிக்கல் நேரக் கணக்கில். காகிதமும் மரமும் மெதுவாக மக்கும். உணவுக் கழிவு அவசரக்காரன். வாயுக் குழாய்களைப் போடுவதோ, அந்தப் பகுதி நிரம்பிச் சில வருடங்கள் போன பிறகு. அதற்குள் உணவுக் கழிவு தன் வாயுவில் பெரும்பகுதியை வெளியே விட்டிருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, புதைத்த உணவுக் கழிவிலிருந்து உருவாகும் மீத்தேனில் 61 சதவீதம் குழாய்களில் சிக்காமல் தப்பிவிடுகிறது. குழாய் வசதியெல்லாம் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

வாயு மேலே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் போகும். மேல்மூடியை நன்றாக இறுக்கி மூடினால் இன்னும் நன்றாகவே பக்கவாட்டில் போகும். 1986 மார்ச் 24 அன்று இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். பக்கத்துப் பழைய குப்பைக் குழியிலிருந்து பாறை இடுக்குகள் வழியாக மீத்தேன் வந்து தரைக்கு அடியில் சேர்ந்திருந்தது. அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் வளிமண்டல அழுத்தம் சட்டென்று இறங்கியிருந்ததால், மண்ணுக்குள் இருந்த வாயு வேகமாக வெளியே உறிஞ்சப்பட்டது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருக்கும்போது ஒரு பொறி போதும். அதன் பிறகுதான் பிரிட்டனில் கிடங்கு வாயுவைப் பற்றி விதிகள் இறுகின. வெடிப்பு வராத இடத்திலும் அறிகுறி ஒன்று இருக்கும்: மூடிய கிடங்கின் மேலும் ஓரத்திலும் வைத்த செடிகள் திட்டுத்திட்டாகக் காய்ந்துபோகும். தண்ணீர் போதாமல் காய்வதில்லை. வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் மூச்சு முட்டிச் சாகின்றன.

தீயைப் பற்றி நிறையத் தவறான எண்ணங்கள் உண்டு. யாரோ கொளுத்திப் போட்டதுதான் காரணம் என்பது பாதி உண்மை. உள்ளே நுண்ணுயிர்ச் சூடு சேர்ந்துகொண்டே போய், விரிசல் வழியாகக் காற்று நுழைந்தால் கிடங்கு தானாகவே கனலத் தொடங்கும். வாயுவைப் பிடிக்கும் குழாயில் அளவுக்கு மீறி உறிஞ்சினாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதுவே நடக்கும். மேலே சுடர் தெரியாது. மேட்டின் ஒரு பகுதி திடீரென்று உள்வாங்கும், இடுக்கில் நீராவியும் கார்பன் மோனாக்சைடும் வரும். தண்ணீர் அடித்தால் பெரும்பகுதி தீ இருக்கும் இடத்துக்குப் போகாமல் வழி கிடைத்த பக்கம் ஓடிக் கசிவுநீராகச் சேரும். தோண்டினால் காற்று புகுந்து இன்னும் பற்றும். மிசூரி மாநிலத்தின் பிரிட்ஜ்டன் கிடங்கில் 2010-ல் கண்டறியப்பட்ட நிலத்தடிச் சூடு பல ஆண்டுகள் நீடித்தது. அணுகுண்டுத் திட்டக் காலத்துக் கதிரியக்கக் கழிவு புதைந்த வெஸ்ட் லேக் கிடங்கு அதை ஒட்டியே இருந்ததால் அந்த வட்டாரமே பதறியது.

பிளாஸ்டிக் தன் கெடுதலைக் கிடங்குக்குள் காட்டும் நேரம் இந்தத் தீதான். பிவிசி உள்ளிட்ட குளோரின் கலந்த பொருட்கள் குறைந்த வெப்பத்தில், புகைந்து புகைந்து எரியும்போது டயாக்சின்கள் என்ற கொடிய நச்சுகள் உருவாகின்றன. நிலையான கரிம மாசுகளைப் பற்றிய 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம், குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதையும் குப்பைக் கிடங்கு எரிவதையும் டயாக்சின் மூலங்களாகப் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. காற்றில் சுவாசிப்பதைவிட, புல்லில் படிந்து, கால்நடை மேய்ந்து, பாலிலும் இறைச்சியிலும் கொழுப்போடு சேர்ந்து வருவதுதான் மனிதருக்குள் டயாக்சின் நுழையும் முக்கிய வழி. ஆகவே புகை அடங்கியதோடு கதை முடிவதில்லை.

சரிவுகளைப் பேசும்போது கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது, ஏனென்றால் செத்தவர்களில் பெரும்பாலோர் குப்பையைப் பொறுக்கிப் பிழைத்தவர்களும் மேட்டின் அடிவாரத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் குடியிருந்தவர்களும். 2000 ஜூலை 10: மணிலாவின் பயாட்டாஸ், 200 பேருக்கு மேல். 2005 பிப்ரவரி 21: இந்தோனேசியாவின் பாண்டுங் அருகே லியூவிகாஜா, 143 பேர். 2017 மார்ச் 11: அடிஸ் அபாபாவின் கோஷே, 100 பேருக்கு மேல். அடுத்த மாதமே, ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பின் மீத்தொட்டமுல்லை, 30 பேருக்கு மேல். பயாட்டாஸுக்குப் பிறகு பிலிப்பைன்ஸில் புதிய திடக்கழிவுச் சட்டம் வந்தது. இந்தோனேசியா பிப்ரவரி 21-ஐத் தேசியக் குப்பை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறது.

குப்பைமேடு ஏன் சரிகிறது? லியூவிகாஜாவை ஆராய்ந்தவர்கள் சொன்னது மிக முக்கியம். புதுக் குப்பைக்குப் பலம் கொடுப்பது அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் தாள்களும் நார்களும்தான். அவை மேட்டைப் பின்னிப் பிடித்திருக்கும். உள்ளே நெடுநாள் கனன்ற தீ அந்தப் பின்னலை எரித்து வலுவிழக்கச் செய்தது. கனமழையில் அடியில் நீரழுத்தம் ஏறியது. ஏறக்குறைய 27 லட்சம் கன மீட்டர் குப்பை கிளம்பிவந்து கீழே இருந்த வீடுகளை மூடியது. மற்ற இடங்களிலும் வடிகால் இல்லாமை, செங்குத்தான சரிவு, ஊறிய குப்பை என்ற அதே கூட்டணிதான். உச்சியில் நீளமான விரிசல், அடிவாரத்துத் தரை உப்புவது, பக்கவாட்டில் புதிதாகக் கசிவுநீர் ஊறுவது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் அடிவாரத்து வீடுகளை அன்றே காலி செய்வதுதான் முறை.

பறவை, ஈ, எலி பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. ஒரு தகவல் மட்டும்: ஸ்பெயின், போர்ச்சுகலின் வெண்நாரைகளில் பல, குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் பறப்பதையே விட்டுவிட்டன. கிடங்குகளில் ஆண்டு முழுக்கத் தீனி கிடைக்கும்போது எதற்குச் சகாராவைத் தாண்ட வேண்டும்? பழைய கிடங்குகள் பல நீருக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒரு பிரச்சினை. அந்தக் காலத்தில் ஆற்றோரச் சதுப்பும் கடலோரக் கழிமுகமும் "வீண் நிலம்" என்று எண்ணிக் குப்பையால் நிரப்பினார்கள். 2019 மார்ச் வெள்ளத்தில் நியூசிலாந்தின் ஃபாக்ஸ் ஆறு, பல ஆண்டுகளுக்கு முன் மூடிய ஒரு சிறு கிடங்கைக் கரைத்துக்கொண்டு போய்க் கடற்கரை நெடுகப் பிளாஸ்டிக்கைப் பரப்பியது. ராணுவத்தை இறக்கித்தான் பொறுக்கினார்கள். கடல்மட்டம் ஏற ஏற இது தனி நிகழ்ச்சியாக இருக்காது.

சரி, மாற்று என்ன? எரிஉலையில் போட்டால் கன அளவு 90 சதவீதம் வரை குறையும். ஆனால் எடையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். புகைபோக்கி வடிகட்டிகளில் சேரும் பறக்கும் சாம்பலோ கன உலோகமும் டயாக்சினும் செறிந்த அபாயக் கழிவு. அதற்கும் ஒரு கிடங்கு வேண்டும். ஈரக் குப்பை மிகுந்த கலவையை உலையில் போட்டால் அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே நிறைய வெப்பம் போய்விடும். பழைய மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் நல்ல முயற்சிதான், நிலமும் மீளும். அதில் கிடைக்கும் மண் போன்ற பொடியில் உப்பும் உலோகமும் நுண்பிளாஸ்டிக்கும் இருக்கும் என்பதால், சோதிக்காமல் விளைநிலத்திலோ தாழ்ந்த நிலத்திலோ கொட்டினால் ஒரே பிரச்சினையை நூறு இடங்களுக்குப் பங்குபோட்டதாகிவிடும். கலந்த குப்பையிலிருந்து உரம் தயாரிப்பதற்கும் அதே கதி. கண்ணாடித் தூளும் உலோகமும் சேர்ந்த உரத்தை ஒருமுறை வாங்கிய விவசாயி மறுமுறை வாங்க மாட்டார்.

உண்மையில் பலன் தந்தது கிடங்குக்குள் என்ன நுழையலாம் என்பதில் கைவைத்த நாடுகளில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல், மக்கும் குப்பையைப் புதைப்பதை 1995 அளவோடு ஒப்பிட்டுப் படிப்படியாக 35 சதவீதத்துக்கு இறக்க வேண்டும் என்று விதித்தது. பதப்படுத்தாத நகரக் குப்பையைப் புதைப்பதை ஜெர்மனி 2005 ஜூன் முதல் நிறுத்தியது. தென்கொரியா 1995-ல் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் கொண்டுவந்தது. 2005-ல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்தது. தனியாகப் பிரித்த ஈரக் குப்பை உரமாகவோ, மூடிய கலனில் எரிவாயுவாகவோ ஆகிறது. அங்கேயும் மீத்தேன்தான் வருகிறது, ஆனால் பெரும்பாலும் குழாய்க்குள். மிஞ்சி வரும் உலர் குப்பை சுத்தமாக இருப்பதால் மறுசுழற்சியும் கட்டுபடியாகிறது. உணவு ஒட்டிய அட்டையை யாரும் வாங்க மாட்டார்கள்.

உலக வங்கியின் 2018 அறிக்கைப்படி 2016-ல் உலகம் உண்டாக்கிய நகரக் குப்பை 201 கோடி டன். 2050-ல் 340 கோடி டன்னாகும் என்று மதிப்பிட்டார்கள். 2016 குப்பையில் உணவும் தழையும் 44 சதவீதம். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு குப்பை திறந்தவெளியிலோ முறையற்ற வழியிலோ போனது என்றும் அந்த அறிக்கை சொன்னது. ஆகவே வரவுசெலவுத் திட்டத்தில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், விரிப்புக்கும் உலைக்கும் முன்னால் ஈரக் குப்பையைத் தனி வண்டியில் எடுக்க அதைச் செலவழிக்கச் சொல்வேன். விரிப்பு போட்ட கிடங்கு வேண்டாம் என்றில்லை. எவ்வளவு பிரித்தாலும் கடைசியில் ஏதோ மிஞ்சும், அதற்கு இடம் வேண்டும். அது சிறியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்கட்டும் என்கிறேன்.

புதுக் கிடங்கு உங்கள் பகுதிக்கு வருகிறது என்றால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் எவ்வளவு மேலே வரும்? குப்பை விழுவதற்கு முன்பே சுற்றுக் கிணறுகளில் சோதனை எடுத்துப் பதிவு செய்திருக்கிறார்களா? கசிவுநீர் தினமும் எங்கே போகும், எந்த வண்டியில், யார் வாங்கிக்கொள்வார்கள்? மூடிய பிறகான 30 வருடச் செலவுக்கான பணம் யார் பெயரில், எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மேடையில் மௌனம் நிலவும்.

ஏற்கெனவே பழைய மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கிணற்று நீரைச் சாதாரணக் கிருமிச் சோதனையோடு விட்டுவிட வேண்டாம். குளோரைடு, அம்மோனியா, மின்கடத்துத்திறன், இரும்பு, மாங்கனீசு, ஆர்செனிக், சிஓடி ஆகியவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து சில வாரம் கழித்து ஒருமுறை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆர்செனிக்கும் உப்பும் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்று கூடவே செய்யும்.